ஃபஸ் பெடல்

ஃபஸ் பெடல் என்பது மின்கிதாரின் ஒலியை வேண்டுமென்றே கடுமையாகச் சிதைத்து, வண்டின் ரீங்காரத்தைப் போன்று அடர்ந்து நீண்டு நிற்கும் ஒலியாக மாற்றும் ஒரு சிறிய மின்னணுக் கருவி ஆகும். கிதாருக்கும் அதன் ஒலியைப் பெரிதாக்கும் பெருக்கிக்கும் இடையில் இது கம்பிகளால் இணைக்கப்படுகிறது. தரையில் வைத்துக் காலால் அழுத்தி இயக்கப்படுவதால் பெடல் என்ற பெயர் அமைந்தது. 'ஃபஸ்' என்னும் ஆங்கிலச் சொல் பஞ்சிழை அல்லது மெல்லிய மயிர்த்தூசைக் குறிக்கும். விளிம்பு தெளிவாக இல்லாமல் நார் நாராகப் பிரிந்து கேட்கும் ஒலிக்கு இது பொருத்தமான பெயரே.

கிதார் கலைஞர்கள் பயன்படுத்தும் விளைவுக் கருவிகளுள் மிகப் பழமையானவற்றில் ஒன்றும் மிக எளிமையானவற்றில் ஒன்றும் இதுவாகும். இந்த எளிமையின் காரணமாக, விலை குறைந்த ஃபஸ் பெடலும் விலை மிகுந்த ஃபஸ் பெடலும் மின்சுற்றின் அளவில் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆகவே முதன்முதலாக ஒரு ஃபஸ் பெடல் வாங்கும் மாணவர் விலையைவிட மின்சுற்றின் வகையையும், தம்மிடம் உள்ள கிதாருக்கும் பெருக்கிக்கும் அது பொருந்துமா என்பதையும் கவனிப்பது பயன் தரும்.

செயற்படும் முறை

கிதாரின் கம்பி அதிரும்போது, அதன் அடியில் உள்ள பிக்கப் என்னும் காந்தச்சுருள் ஒரு சிறிய மாறுமின்னழுத்தத்தை உருவாக்குகிறது. ஃபஸ் பெடலில் உள்ள டிரான்சிஸ்டர்கள் இந்த மின்னழுத்தத்தைப் பல மடங்கு பெருக்குகின்றன. ஆனால் பெடலுக்குக் கிடைக்கும் மின்சாரம் பொதுவாக 9 வோல்ட் மட்டுமே. அதற்கு மேல் அலை உயர இயலாது. அதன் உச்சியும் அடிப்பகுதியும் கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடுகின்றன. வளைந்து ஏறி இறங்கிய அலை ஏறத்தாழ சதுர அலையாக மாறுகிறது. இவ்வாறு சதுரமாகும் அலையில், இசைத்த சுரத்துடன் அதன் 3, 5, 7 மடங்கு அதிர்வெண்கள் கொண்ட மேற்சுரங்களும் வலுவாகச் சேர்ந்துகொள்கின்றன. ஃபஸ் ஒலியின் கரகரப்புக்கு இம்மேற்சுரங்களே காரணம். அலையின் மேற்புறமும் கீழ்ப்புறமும் சமமாக வெட்டப்படாத மின்சுற்றுகளில் 2, 4 மடங்கு அதிர்வெண்களும் தோன்றும்.

கம்பியின் அதிர்வு தேய்ந்து வந்தாலும், பெருக்கம் மிக அதிகமாக இருப்பதால் வெளிவரும் அலை நெடுநேரம் உச்ச அளவிலேயே நிற்கும். ஒரு சுரத்தை வயலின்போல நீட்டி இசைக்க முடிவது இதனால்தான்.

ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் எனப்படும் பெடல்களும் இதே கொள்கையில்தான் இயங்குகின்றன. ஓவர்டிரைவ் அலையின் உச்சியை மெதுவாக வளைக்கிறது; டிஸ்டார்ஷன் அதைவிடக் கூர்மையாக வெட்டுகிறது; ஃபஸ் அலையின் உருவத்தையே பெரும்பாலும் அழித்துவிடுகிறது. இவற்றுக்கிடையேயான எல்லைக்கோடு திட்டவட்டமானதன்று. 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றிய புரோகோ ராட் என்னும் பெடல் டிஸ்டார்ஷன் என்ற பெயரில் விற்கப்பட்டாலும், அதன் குமிழை முழுவதும் திருப்பினால் ஃபஸ் என்றே சொல்லலாம்.

பல சுரங்களை ஒன்றாக இசைக்கும்போது ஃபஸ் பெடலின் இயல்பு இன்னும் தெளிவாக வெளிப்படும். சிதைவு ஏற்படும்போது இரு சுரங்களின் அதிர்வெண்களுக்கு இடையிலான வேறுபாடும் தனி ஒலியாகப் பிறக்கிறது. 220 ஹெர்ட்ஸ் சட்ஜத்தையும் ஏறத்தாழ 330 ஹெர்ட்ஸ் பஞ்சமத்தையும் சேர்த்து இசைத்தால் வேறுபாடு 110 ஹெர்ட்ஸ். அது அதே சட்ஜத்தின் கீழ் ஸ்தாயி ஆகும். ஒலி கலங்குவதற்கு மாறாக மேலும் கனமாகிறது. மாறாக, சட்ஜத்துடன் அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால், கிதாரின் சமப் பகுப்புச் சுருதியில் அது ஏறத்தாழ 277.2 ஹெர்ட்ஸ் ஆக இருப்பதால், வேறுபாடு 57.2 ஹெர்ட்ஸ் வருகிறது. சட்ஜத்தின் இரு ஸ்தாயி கீழான 55 ஹெர்ட்சுக்கு இது அருகில் இருந்தும் அதனுடன் இணையாது. ஆகவே ஒலி உறுமிக் கலங்குகிறது. ராக் இசையில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் கொண்ட 'பவர் கார்ட்' பரவலாக வழங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முழுக் கார்ட்களை இசைத்துப் பார்த்துவிட்டுப் பெடல் பழுதானது என்று கருதிக் கடைக்குத் திருப்பிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த இயல்பை அறியாதவர்களே.

வரலாறு

சிதைந்த கிதார் ஒலி முதலில் பழுதிலிருந்தே பிறந்தது. 1950-களில் சேதமுற்ற பெருக்கிகளாலும் கிழிந்த ஸ்பீக்கர் தாள்களாலும் கரகரத்த ஒலியைச் சில கலைஞர்கள் விரும்பி வைத்துக்கொண்டனர். 1958-இல் 'ரம்பிள்' என்னும் இசைத்தட்டை வெளியிட்ட லிங்க் ரே ஸ்பீக்கரில் துளையிட்டார். 1964-இல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் தாளைப் பிளேடால் கீறினார்.

பெடலாக இது உருவானதற்குக் காரணம் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்த ஒரு பதிவு. 1961-இல் வெளியான மார்ட்டி ராபின்சின் 'டோன்ட் வொரி' பாடலின் பதிவின்போது, கிரேடி மார்ட்டின் இசைத்த ஆறு கம்பி பாஸ் கிதார், ஒலிக்கலப்பு மேடையின் பழுதுற்ற தடம் வழியாகச் சென்று விசித்திரமாக ஒலித்தது. அதை நீக்காமல் அப்படியே வெளியிட்டனர். பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்பவருடன் சேர்ந்து அதே ஒலியை டிரான்சிஸ்டர்களால் உருவாக்கும் மின்சுற்றை அமைத்தார். கிப்சன் நிறுவனம் அதனை வாங்கி, மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் 1962-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிதாரைக் கொண்டு குழல், செல்லோ போன்ற கருவிகளின் ஒலியைப் பெறலாம் என்று விளம்பரம் செய்யப்பட்டது; அவ்வொலி எதுவும் உண்மையில் வரவில்லை, விற்பனையும் மந்தமாகவே இருந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் இதனைப் பயன்படுத்திய பின்னரே நிலைமை மாறியது. பித்தளைக் குழல்கள் பின்னர் இசைக்கவேண்டிய பகுதிக்குத் தற்காலிக அடையாளமாகவே அவர் ஃபஸ்சை வாசித்திருந்தார். அதுவே அப்பாடலின் முகமாகிவிட்டது.

அதே 1965-இல் இலண்டனில் கேரி ஹர்ஸ்ட் டோன் பெண்டர் பெடலை உருவாக்கினார். 1966-இல் ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் ஃபஸ் ஃபேஸ் பெடலை வெளியிட்டது. ஒலிவாங்கித் தண்டின் வட்டமான அடிப்பாகத்தை ஒத்த இரும்புப் பெட்டியில் அமைந்த இப்பெடல் ஜிமி ஹெண்ட்ரிக்சின் கையில், அல்லது காலில், உலகப் புகழ் பெற்றது. நியூயார்க்கின் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1969 அளவில் பிக் மஃப் பை என்னும் பெடலைக் கொண்டுவந்தது. ஜப்பானின் ஷின்-ஈ நிறுவனம் தயாரித்த சூப்பர்-ஃபஸ் அமெரிக்காவில் யூனிவாக்ஸ் என்ற பெயரில் விற்கப்பட்டது. இன்று சந்தையில் உள்ள மிகப் பல ஃபஸ் பெடல்கள், எத்தனை புதிய பெயர்களும் வண்ணங்களும் பூண்டாலும், இந்தச் சில மின்சுற்றுகளின் வழித்தோன்றல்களே.

மின்சுற்று வகைகள்

ஃபஸ் ஃபேஸ் வகையில் மின்னணு உறுப்புகள் 11 மட்டுமே உள்ளன: 2 டிரான்சிஸ்டர்கள், 4 மின்தடைகள், 3 மின்தேக்கிகள், 2 குமிழ்கள். இதன் தனிச்சிறப்பு, கிதாரின் ஒலியளவுக் குமிழுக்கு அது காட்டும் இணக்கம். குமிழை முழுவதும் திறந்தால் ஒலி கொதிக்கும். சிறிது குறைத்தால் கரகரப்பு அடங்கிப் பளிச்சென்ற தெளிந்த ஒலி கிடைக்கும். காலால் அழுத்தாமலே ஒரு பெடலில் இரண்டு மூன்று ஒலிகளைப் பெறலாம். இந்த இணக்கத்திற்குக் காரணம் பெடலின் மிகக் குறைந்த உள்ளீட்டு மின்மறுப்பு ஆகும். பெடலும் கிதாரின் பிக்கப்பும் ஒரே மின்சுற்றின் இரு பாதிகளைப் போல இயங்குகின்றன.

இதே குணம் தொல்லையாகவும் மாறும். கிதாருக்கும் ஃபஸ் ஃபேசுக்கும் இடையில் 'பஃபர்' எனப்படும் தாங்கி மின்சுற்றுக் கொண்ட வேறு பெடல் இருந்தால், இந்த இணைப்பு அறுபட்டு ஒலி கீச்சென்று மெலியும். குமிழைக் குறைத்தாலும் தெளிவு வராது. பல நிறுவனங்களின் சாதாரண பெடல்களிலும் சுருதி பார்க்கும் டியூனர் பெடல்களிலும் இத்தாங்கி உள்ளது. அணைத்து வைத்தாலும் அது செயற்படும். கம்பியில்லாமல் ஒலியை அனுப்பும் வயர்லெஸ் கருவியாலும் இதே விளைவு ஏற்படும். ஆகவே இவ்வகைப் பெடலைக் கிதாரை அடுத்து முதலாவதாக இணைக்க வேண்டும்.

பிக் மஃப் வகையில் 4 டிரான்சிஸ்டர்களும் அலையை வெட்டும் டையோடுகளும் உள்ளன. இதன் ஒலி ஃபஸ் ஃபேசைவிட மென்மையான விளிம்பும் மிக நீண்ட நிலைப்பும் கொண்டது. தொனிக் குமிழ் ஒன்றும் உண்டு. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர் 1970-களின் பிற்பகுதியில் இதனைப் பயன்படுத்தினார். ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் குழுவின் 1993-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'சயாமீஸ் டிரீம்' முழுவதும் இதன் ஒலி நிறைந்துள்ளது. தாங்கி மின்சுற்றுக்குப் பின்னால் வைத்தாலும் இது பெரிதும் பாதிக்கப்படுவதில்லை என்பது புதியவர்களுக்கு வசதி. குறை என்னவெனில், தொனிக் குமிழ் நடுவில் இருக்கும்போது 1000 ஹெர்ட்ஸ் அளவிலான நடு அதிர்வெண்கள் பள்ளமாகக் குறைந்துவிடுகின்றன. தனியறையில் மலைபோல் ஒலிக்கும் பிக் மஃப், முரசும் பாஸ் கிதாரும் சேர்ந்த குழுவில் காணாமற் போவது பலருக்கும் நேர்ந்த அனுபவம்.

டோன் பெண்டர் வகை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது என்று கூறலாம். ஒலி கூர்மையாக முன்னே வந்து நிற்கும். சூப்பர்-ஃபஸ் வகை சுரத்துடன் அதன் மேல் ஸ்தாயியையும் சேர்த்து ஒலிக்கும். இது மிகவும் முரட்டுத்தனமானது. பிடித்தவர்களுக்கு இதற்கு மாற்று இல்லை, பிடிக்காதவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். 1990-களில் தோன்றிய இசட்.வெக்ஸ் ஃபஸ் ஃபேக்டரி போன்றவை ஒலிக்கு நிகராக ஓலமும் விம்மலும் எழுப்பவல்லவை. முதற்பெடலாக இவை பொருந்துவது அரிது.

ஜெர்மானியமும் சிலிக்கானும்

தொடக்ககால ஃபஸ் பெடல்களில் ஜெர்மானியம் என்னும் குறைக்கடத்தியால் ஆன டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 1960-களின் இறுதியில் சிலிக்கான் அவற்றின் இடத்தைப் பிடித்தது. ஜெர்மானியத்தின் ஒலி உருண்டையாகவும் இதமாகவும் இருக்கும் என்றும், சிலிக்கானின் ஒலி கூர்மையாக இருக்கும் என்றும் பொதுவாகக் கூறப்படுகிறது. இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் மின்சுற்றின் அமைப்பும் உறுப்புகளின் அளவும் அதே அளவு முக்கியமானவை.

ஜெர்மானிய டிரான்சிஸ்டர்களில் தேவையற்ற கசிவு மின்னோட்டம் உண்டு. வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியசு உயரும்போதெல்லாம் இது இரு மடங்காகிறது. வெப்பமான நாளில், வெயில் படும் மேடையில் வைக்கப்பட்ட ஜெர்மானியப் பெடல் திக்கித் திணறி ஒலிக்கவோ ஒலி மங்கவோ கூடும். காலையில் நன்றாக இருந்த பெடல் மாலை நிகழ்ச்சியில் மாறிவிட்டது என்று கலைஞர்கள் குறைப்படுவதற்கு இதுவே காரணம். டிரான்சிஸ்டரின் இயங்குநிலையைச் சரிசெய்யும் 'பயஸ்' குமிழ் வெளியில் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். குளிரூட்டி இல்லாத அறையில் பயிலும் வெப்பமண்டல நாட்டு மாணவருக்குச் சிலிக்கான் பெடலே தொல்லையற்றது.

ஜெர்மானிய டிரான்சிஸ்டர்கள் இன்று பெரும்பாலும் பழைய கையிருப்பிலிருந்தே கிடைக்கின்றன. ஒவ்வொன்றையும் அளந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால் விலை ஏறுகிறது. புகழ்பெற்ற எண்கள் அச்சிடப்பட்ட போலி உறுப்புகளும் சந்தையில் உலவுகின்றன. மேலான ஒலிக்கென்று எண்ணிக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு உண்மையில் அரிய பொருள் என்பதற்கே செல்கிறது.

குறைந்த விலையில் தெரிவு

மிகக் குறைந்த விலையில் பரவலாக அறியப்பட்டது பெரிஞ்சர் எஸ்எஃப்300 ஆகும். இது பாஸ் நிறுவனம் 1990-களில் தயாரித்து நிறுத்திய எஃப்இசட்-2 ஹைப்பர் ஃபஸ் மின்சுற்றை ஒட்டியது. அதுவோ சூப்பர்-ஃபஸ் வழியில் வந்தது. இதன் பெட்டி நெகிழியால் ஆனது. ஒவ்வொரு இரவும் மேடையில் மிதிபட அது ஏற்றதன்று. வீட்டில் பயில்வதற்குக் குறையில்லை. மூன்று நிலைகள் கொண்ட தெரிவுக் குமிழ் இருப்பதால், ஒன்றுக்கொன்று வேறான ஃபஸ் ஒலிகளைக் கேட்டுப் பழகவும் உதவும்.

அடுத்த படியில் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்சின் நேனோ பிக் மஃப் வரிசை உள்ளது. உலோகப் பெட்டியில் அமைந்த இவை 2020-களில் ஏறத்தாழ 100 அமெரிக்க டாலர் அளவில் விற்கப்பட்டன. 1990-களில் உருசியாவில் தயாரான பச்சைநிறப் பிக் மஃபின் மின்சுற்றைக் கொண்ட 'கிரீன் ரஷ்யன்' 2017-இல் இவ்வரிசையில் சேர்ந்தது. தாழ்ந்த சுரங்களை நன்கு தாங்குவதால் பாஸ் கிதார் கலைஞர்களும் இதை நாடுகின்றனர். ஃபஸ் ஃபேஸ் வகையில் டன்லப் நிறுவனத்தின் சிறிய ஃபஸ் ஃபேஸ் மினி பெடல்கள் உள்ளன. விலை சற்றுக் கூடுதல். மூஅர் போன்ற சீன நிறுவனங்களின் சிறு பெடல்கள் இவற்றைவிடக் குறைந்த விலையில் அதே பழைய மின்சுற்றுகளைத் தருகின்றன.

பட்டியலைவிட முக்கியமானது எந்த இசைக்கு என்ற கேள்வி. ஹெண்ட்ரிக்ஸ் காலத்து புளூஸ் ராக்கை விரும்புபவர், அதிலும் தெளிந்த ஒலிக்கும் சிதைந்த ஒலிக்கும் இடையே விரல்நுனியில் சென்றுவர விரும்புபவர், பிக் மஃப் வாங்கினால் ஏமாறுவார். அதுபோலவே, இடைவெளியற்ற ஒலிச்சுவரைத் தேடுபவருக்கு ஃபஸ் ஃபேஸ் வெறுமையாகத் தோன்றும். இரண்டும் நல்ல பெடல்களே, தவறு தெரிவில்தான்.

பெருக்கியும் ஃபஸ்சின் ஒரு பகுதி என்றே கருத வேண்டும். கிதாருக்கான ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ 5000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியைப் பெரிதும் விட்டுவிடுகின்றன. ஃபஸ்சின் கூரிய மேற்சுரங்கள் அங்கே வடிகட்டப்படுவதால்தான் ஒலி காதுக்கு இதமாகிறது. பெடலை நேரடியாகக் கணினியிலோ ஒலிப்பதிவுக் கருவியிலோ இணைத்துத் தலையணி ஒலிப்பானில் கேட்டால் தகரத்தில் குளவி புகுந்ததுபோல் இருக்கும். அத்தகையோர் ஸ்பீக்கர் பெட்டியின் இயல்பைப் போலச் செய்யும் மென்பொருளைப் பெடலுக்குப் பின் சேர்க்க வேண்டும். இலவசமாகவே இவை கிடைக்கின்றன. சிறிய பயிற்சிப் பெருக்கி வைத்திருப்பவர்கள், உயர் அதிர்வெண் குமிழைக் குறைத்து நடு அதிர்வெண் குமிழைக் கூட்டினால் ஒலி பெரிதும் சீர்படும்.

கடையில் சோதிக்கும்போது சொந்தக் கிதாரை எடுத்துச்செல்வது நல்லது. பெடலை இயக்கும்போதும் அணைக்கும்போதும் ஒலியளவு ஒன்றாக இருக்குமாறு முதலில் சரிசெய்ய வேண்டும். உரத்து ஒலிப்பது எதுவும் சிறந்ததாகவே காதுக்குத் தோன்றும். பின்னர் ஒற்றைச் சுரத்தை அது தேய்ந்து மறையும்வரை நீட்டிக் கேட்கலாம். சில பெடல்களில் சுரத்தின் கடைசிப் பகுதி படபடத்து அறுந்துபோகும். சிலர் அதனை விரும்புகின்றனர், ஆனால் அறிந்து வாங்க வேண்டும். ஒற்றைச்சுருள் பிக்கப் கொண்ட கிதார்களில் மின்வழங்கலின் 'ஹம்' இரைச்சலையும் ஃபஸ் சேர்த்தே பெருக்கும். இது பெடலின் பழுதன்று.

தாமே செய்துகொள்ளுதல்

பதினொரு உறுப்புகள் கொண்ட மின்சுற்று என்பதால், மின்னணுவியல் பயிலும் மாணவர்கள் முதலில் செய்துபார்க்கும் பெடலும் பெரும்பாலும் ஃபஸ் ஃபேசாகவே இருக்கிறது. சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள், மின்தடைகள், மின்தேக்கிகள் ஆகியவை மின்னணு உறுப்புக் கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கின்றன. செலவில் பெரும்பகுதி உலோகப் பெட்டி, காற்பொத்தான், இணைப்புத் துளைகள் ஆகியவற்றுக்கே ஆகும். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனையில், 9 வோல்ட் மின்கலத்துடன், ஏறத்தாழ 4.5 வோல்ட் இருக்குமாறு மின்தடையைச் சரிசெய்வது வழக்கம். இவ்வொரு மின்தடைக்குப் பதிலாகச் சிறு மாறுமின்தடையை வைத்தால் ஒலியின் தன்மை எவ்வளவு மாறுகிறது என்பதைக் காதால் கேட்டறியலாம்.

மின்வழங்கல்

பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் மின்கலத்திலோ, செருகியின் நடுமுனை எதிர்மின்னாக அமைந்த அடாப்டரிலோ இயங்கும். முனைமாறிய அடாப்டர் பெடலைப் பழுதாக்கக்கூடும். பழைய முறையில் அமைந்த ஜெர்மானியப் பெடல்கள் சிலவற்றில் நேர்மின்முனையே நிலத்துடன் இணைக்கப்பட்டிருக்கும். இவற்றை மற்றப் பெடல்களுடன் ஒரே அடாப்டரின் கிளைக்கம்பியில் இணைத்தால் குறுக்குச்சுற்று ஏற்படும். தனி மின்கலமோ தனித்துப் பிரிக்கப்பட்ட மின்வழங்கியோ தேவை. வாங்குமுன் பெட்டியின் மீதும் கையேட்டிலும் முனைக்குறியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபஸ் ஃபேஸ் போன்ற எளிய மின்சுற்றுகள் சில மில்லி ஆம்பியருக்கு மிகாத மின்னோட்டமே எடுப்பதால் ஒரு மின்கலம் பல மாதங்கள் வரும். ஆனால் மின்கலத்தில் இயங்கும் பெரும்பாலான பெடல்களில் தனி ஆளி கிடையாது. உள்ளீட்டுத் துளையில் கம்பியைச் செருகியவுடன் மின்சாரம் பாயத் தொடங்கும். காற்பொத்தானை அணைத்தாலும் நிற்காது. பயிற்சி முடிந்ததும் கிதார் கம்பியைப் பெடலிலிருந்து கழற்றிவைக்க வேண்டும்.